நண்பர் தந்த கடனும் உறவுக்காரர் தந்த வீடும்

அண்மையில் பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது பேச்சு எங்கெங்கோ சுற்றி இலங்கைக்கு வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார்: "என்ன இருந்தாலும் இந்தியாதான் நம்ம தாய்நாடு. அங்க தமிழனுக்கு வீடு கட்டிக் குடுக்குது, ஆஸ்பத்திரி கட்டிக் குடுக்குது. சீனா கடனக் குடுத்து நாட்டையே எழுதி வாங்கிடுச்சு."

லாரி ஓட்டும் அவர் மகன் விடவில்லை. "அப்பா, நம்ம ரெண்டாவது பாலம் யாரு காசு? சீனா காசுதானே? அதுல ஏறித்தான் நான் தீவுக்குப் போறேன். இந்தியா நமக்கு என்ன கட்டிக் குடுத்துச்சு?"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "லாயர் தம்பி, நீங்க சொல்லுங்க. ரெண்டு பேர்ல யாரு நல்லவன்?"

அன்றைக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். இப்படிப்பட்ட பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சீன அரசாங்கம் வேறு, நம் பக்கத்து வீட்டுச் சீனர் வேறு. பெய்ஜிங் எடுக்கும் முடிவுக்கும் நம் தெருமுனைக் காப்பிக்கடைக்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புதுடில்லி செய்வதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்ல என்பது போலத்தான் இதுவும். இங்கே நாம் பேசுவது அரசாங்கங்களைப் பற்றி மட்டுமே.

நம் கண்முன் நிற்கும் பாலம்

பினாங்கு இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. பத்து கவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல். மொத்தச் செலவு சுமார் 4.5 பில்லியன் ரிங்கிட். இதற்காகச் சீனாவின் எக்சிம் வங்கி 80 கோடி அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. கடலுக்குள் தூண் இறக்கும் வேலை, சீன அரசுக்குச் சொந்தமான சைனா ஹார்பர் நிறுவனத்துக்குப் போனது.

அதாவது சீனாவிலிருந்து கடனாக வந்த பணத்தில் ஒரு பெரும் பங்கு, வேலைக்கூலியாகச் சீன நிறுவனத்துக்கே திரும்பிப் போனது. அசலும் வட்டியும் கட்டுவது மலேசியா.

இதில் திருட்டு எதுவும் இல்லை. நமக்குப் பாலம் தேவைப்பட்டது. அவர்களுக்கு வேலை தேவைப்பட்டது. இரு தரப்புக்கும் ஆதாயம் இருந்தது. ஆனால் இதற்கு "நட்பு" என்று மட்டும் பெயர் வைத்தால் அது பாதி உண்மைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் நம் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. தினமும் வேலைக்கு மோட்டாரில் போய் வரும் நம் பிள்ளைகளுக்கு அது சின்னத் தொகை அல்ல. அந்தச் சலுகையைக் கொடுத்தது சீன வங்கியா? இல்லை. 2018 பொதுத் தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். புதிதாக வந்த அரசாங்கம் டோலை எடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

சீனாவும் இந்தியாவும் தங்கள் நாட்டிலேயே கோடிக்கணக்கான ஏழைகளை வைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே பிற ஏழை நாடுகளுக்கு உதவி செய்யத் தொடங்கிவிட்டன. இந்தியா அயல்நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை 1964-இலேயே ஆரம்பித்தது. ஏன்?

காரணங்கள் ஒன்றும் இரகசியமல்ல. தங்கள் நிறுவனங்களுக்கு வேலை. தங்கள் இரும்புக்கும் இயந்திரத்துக்கும் சந்தை. கப்பல் போகும் வழியில் கால் ஊன்ற ஓர் இடம். ஐ.நா. சபையில் ஓட்டெடுப்பு வரும்போது ஒரு கை. எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டிக்காரன் அந்த இடத்துக்கு வந்துவிடக்கூடாது என்ற பயம்.

கடன் விதிகளைப் பார்த்தாலே இது தெரியும். சீன எக்சிம் வங்கியின் சலுகைக் கடனில், வாங்கும் பொருளிலும் வேலையிலும் பாதிக்குக் குறையாமல் சீனாவிலிருந்து வர வேண்டும் என்பது பொது விதி. இந்திய அரசாங்கத்தின் கடன் திட்டத்தில் பொதுவாக 75 விழுக்காடு இந்தியாவிலிருந்து வர வேண்டும். மேலை நாடுகளும் பல காலம் இப்படித்தான் செய்தன. ஆகவே யாருக்கு நல்ல மனம், யாருக்குக் கெட்ட மனம் என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை.

மேலை நாடுகளிலிருந்து தாங்கள் வேறுபட்டவர்கள் என்று காட்ட இந்தப் புதிய வல்லரசுகள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: "நாங்கள் யாருடைய உள்நாட்டு விவகாரத்திலும் தலையிட மாட்டோம்." 1954-இல் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட பஞ்சசீலக் கொள்கையில் இது ஒன்று. காலனி ஆட்சியில் அடிபட்ட நாடுகளுக்கு இது இனிப்பான செய்தி. நானும் சட்டக் கல்லூரியில் படித்தபோது இதைப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

ஆனால் ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழ்பவன் இந்த வாக்கியத்தை இரண்டாவது முறை படிக்க வேண்டும். "உள்நாட்டு விவகாரம்" என்று அரசாங்கங்கள் எதைச் சொல்கின்றன? பறிக்கப்பட்ட குடியுரிமை, பறிக்கப்பட்ட நிலம், காணாமல் போன பிள்ளை. அந்த உள்நாட்டு விவகாரம் நாம்தான்! இரண்டு அரசாங்கங்கள் கைகுலுக்கும்போது மேசையில் நமக்கு நாற்காலி இல்லை என்பதை அந்த வாக்கியம் மரியாதையாகச் சொல்கிறது.

1952: ரப்பரும் அரிசியும்

இது புதிய கதை அல்ல. பால்வெட்டுக் குடும்பங்களில் பிறந்தவர்கள் இந்தச் சம்பவத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1951-இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருள்கள் விற்கக்கூடாது என்று ஐ.நா. தடை விதித்தது. அதில் ரப்பரும் அடக்கம். வெள்ளைக்காரன் ஆண்ட மலாயா அந்தத் தடையைக் கடைப்பிடித்தது. சீனா ரப்பருக்குத் தவித்தது. அதே நேரத்தில் இலங்கை அரிசிக்குத் தவித்தது. 1952 டிசம்பரில் இரு நாடுகளும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுக்கு 270,000 டன் அரிசி இலங்கைக்கு, 50,000 டன் ரப்பர் சீனாவுக்கு. சந்தை விலையைவிடக் கூடுதலாக ரப்பருக்குச் சீனா விலை கொடுத்தது. அமெரிக்கா கோபப்பட்டு இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. இலங்கை அசரவில்லை. இன்றுவரை அந்த ஒப்பந்தத்தை ஏழை நாடுகளின் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்.

அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் யார்? மலையகத் தமிழர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. சீனாவுக்கு ரப்பர் கிடைத்தது, இலங்கைக்கு அரிசி கிடைத்தது. பால் வெட்டிய கைக்கு ஓட்டுச் சீட்டுகூடக் கிடையாது. அது "உள்நாட்டு விவகாரம்" அல்லவா? பெய்ஜிங் வாய் திறக்கவில்லை.

அம்பாந்தோட்டையும் சிங்கள விவசாயியும்

பிறைப் பெரியவர் சொன்ன "நாட்டையே எழுதி வாங்கிய" கதை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றியது. அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சேவின் சொந்த மாவட்டம் அது. சீனக் கடனில் கட்டப்பட்ட துறைமுகம் 2010-இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை. 2017-இல் சைனா மெர்ச்சண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. கிடைத்த தொகை 112 கோடி அமெரிக்க டாலர்.

கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பறிமுதல் செய்தது என்றுதான் ஊரெங்கும் பேச்சு. காகிதம் வேறு சொல்கிறது. அந்த 112 கோடி டாலர் சீனக் கடனை அடைக்கப் போகவில்லை. வற்றிக்கொண்டிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பை நிரப்பப் போனது. துறைமுகக் கடனை இலங்கைக் கருவூலம்தான் தொடர்ந்து சுமந்தது. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோதுகூட, மிகப் பெரிய சுமை உலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். சீனக் கடன் அதற்கு அடுத்துதான்.

இதனால் சீனா புனிதமாகிவிட்டதா? இல்லை. தன் ஊரில் பெயர் வாங்க நினைத்த ஒரு தலைவனுக்கு, கப்பல் வருமா வராதா என்று அதிகம் கேட்காமல் கடன் கொடுத்தது சீனா. வேலை சீன நிறுவனத்துக்குப் போனது. இரு தரப்பின் நோக்கமும் நிறைவேறியது. நட்டம் வரி கட்டும் மக்களுக்கு.

2017 ஜனவரியில், துறைமுகத்தை ஒட்டிய தொழிற்பேட்டைக்காக 15,000 ஏக்கர் எடுக்கப்போகிறார்கள் என்று அறிந்து அம்பாந்தோட்டை மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. அவர்கள் சிங்கள விவசாயிகள், பெரும்பான்மை இனத்தவர். "வளர்ச்சி" வரும்போது ஏழையின் நிலம்தான் முதலில் அளக்கப்படுகிறது. அவன் சிறுபான்மையினனாகவும் இருந்துவிட்டால் கேட்பதற்கு ஆளே இல்லை. அடுத்த கதை அப்படிப்பட்டது.

சம்பூரில் நடந்தது

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர் கிழக்கில் உள்ளது சம்பூர். தமிழர் ஊர். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியது. சனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. 2007-இல் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டுக்காரன் தன் வீட்டுக்குப் போகக்கூடாது.

2006 டிசம்பரில், திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்திய அரசு நிறுவனமான தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் எது தெரியுமா? சம்பூர்!

ஊர்க்காரர்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அவர்கள் ஊரில் எதைக் கட்டலாம் என்று கொழும்பும் புதுடில்லியும் பேசிக்கொண்டிருந்தன. நாம் "தாய்நாடு" என்று சொல்லும் நாடுதான். கட்டப்போவது தமிழன் ஊரில் என்று தெரிந்தேதான். அதனால் கையெழுத்து நின்றதா? நிற்கவில்லை.

2015-இல் ஆட்சி மாறிய பிறகுதான் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில், உச்ச நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடியும் இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தபடியே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலைய வேலையைத் தொடக்கிவைத்தார்கள். நிலக்கரியைவிட வெயில் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் 2006-இல் ஊரை விட்டு ஓடிய தாயிடம் இந்த 19 ஆண்டுகளில் எத்தனை முறை ஒப்புதல் கேட்டார்கள் என்பதே என் கேள்வி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. போர் முடிந்த சில நாள்களில், 2009 மே 27-ஆம் நாள், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் கூடியது. இலங்கை அரசாங்கத்தைப் பாராட்டும் வகையில் ஒரு தீர்மானம் 29-க்கு 12 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் சீனா உண்டு, இந்தியா உண்டு. நம் மலேசியாவும் உண்டு! எந்த நண்பர் நல்லவர் என்று கேட்ட அப்பனும் மகனும் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். 2012-இல் இந்தியா மாற்றி ஓட்டுப் போட்டது. அப்போது தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பு அதற்கு முக்கியக் காரணம். தானாக மனம் இளகவில்லை. மக்கள் கேட்டார்கள், ஓட்டு மாறியது.

வீடு வந்தது உண்மை

நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு வடக்கு, கிழக்கு, மலையகம் மூன்றுக்கும் சேர்த்து 50,000 வீடுகளை இந்தியா அறிவித்தது. இது கடன் அல்ல, மானியம். வடக்கிலும் கிழக்கிலும் பணம் தவணை தவணையாக வீட்டுக்காரர் கைக்கே போனது. அவர்களே கட்டிக்கொண்டார்கள். கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் அப்படித்தான் தலைக்கு மேல் கூரை கண்டார்கள். 1990-இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் போனது. தண்டவாளம் போட்டது இந்திய நிறுவனம், இந்தியக் கடனில். 2022-இல் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் இலங்கை வரிசையில் நின்றபோது ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்ததும் இந்தியாதான்.

இதற்குப் பின்னால் சீனாவைத் தள்ளிவைக்கும் நோக்கம் இல்லையா? இருக்கிறது. அதனால் அந்த வீட்டின் சுவர் இடிந்துவிடுமா? இடியாது. நோக்கம் சுயநலமாக இருந்தாலும் வீடு வீடுதான். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

ஆனால் போட்டியில் ஏழை காத்திருக்க நேர்வதும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள். டீசல் இயந்திரத்தில் மின்சாரம் எடுத்துவந்தார்கள். காற்றாலையும் சூரிய மின்சாரமும் அமைக்கும் வேலை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அருகிலா என்று இந்தியா எதிர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா ஒதுங்கிக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியா அதே வேலையை மானியமாகச் செய்ய ஒப்புக்கொண்டது. வேலைக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில்தான் கையெழுத்தானது. கடன் மானியமாக மாறியது, நல்லது. ஆனால் மூன்று ஆண்டு போனது. நெடுந்தீவுப் பிள்ளை பாடம் படிக்க விளக்கு வேண்டும் என்பது இந்தச் சண்டையில் யாருக்காவது நினைவிருந்ததா?

மலையகத்திலும் அப்படித்தான். 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து தோட்ட மக்களுக்குக் கூடுதலாக 10,000 வீடுகள் என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. அடிக்கல் நாட்டியது 2024-இல். நாம் இங்கே லயம் என்றோம், அங்கே லயன் அறை என்கிறார்கள். அதிலிருந்து வெளியேற ஏழு ஆண்டு என்பது ஒரு பிள்ளையின் ஆரம்பப்பள்ளிக் காலம் முழுவதும்.

நாமும் கொடுக்கும் நாடுதான்

மற்ற நாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. மலேசியாவும் 1980 முதல் பிற ஏழை நாடுகளின் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. தெற்கு நாடுகளின் ஒற்றுமை என்று நம் தலைவர்கள் பேசாத மேடை இல்லை. அந்த நட்பின் வழியே நம் நிறுவனங்களும் வெளியே போயின.

சைம் டார்பி என்ற பெயரை அறியாத தோட்டத் தமிழர் உண்டா? அரசு சார்ந்த அந்த நிறுவனம் 2009-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 220,000 ஹெக்டேர் நிலத்துக்கு 63 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. உள்நாட்டுப் போரிலிருந்து அப்போதுதான் மீண்ட நாடு அது. 2011-இல் அங்குள்ள கிராம மக்கள், தங்கள் பயிர்நிலமும் முன்னோர் அடக்க இடங்களும் ஒப்புதல் இல்லாமல் செம்பனைக்காக அழிக்கப்படுவதாகக் கோலாலம்பூரில் தலைமைச் செயலகம் கொண்ட செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்புக்குப் புகார் எழுதினார்கள். திட்டமிட்டதில் மிகச் சிறு பகுதியில்தான் நடவு நடந்தது. 2020-இல் நிறுவனம் அதை விற்றுவிட்டு வெளியேறியது.

காகிதத்தில் அது இரு வளரும் நாடுகளின் ஒத்துழைப்பு. லைபீரியக் கிராமத்துக் கிழவிக்கு? தோட்டம் துண்டாடப்பட்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்த நம் பாட்டிக்குத் தெரியும் அவள் நிலைமை. ஆகவே "நம் நாடு கொடுக்கிறது" என்று பெருமைப்படும் முன்னால், யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்றும் கேட்க வேண்டியது நம் கடமை.

கேட்டால் விலை குறையும்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். யார் நல்லவன்? நீதிமன்றத்தில் ஒப்பந்த வழக்கு நடக்கும்போது, எதிர்த்தரப்புக்கு உன்மேல் அன்பு இருந்ததா என்று நீதிபதி கேட்பதில்லை. என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டார், யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்றுதான் கேட்கிறார். நோக்கத்தை நிரூபிப்பது கடினம். காகிதத்தைப் படிக்க முடியும்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒன்று, கிளந்தானில் உள்ள பெர்காவ் அணை. பிரிட்டன் 23 கோடி 40 லட்சம் பவுன் உதவி கொடுத்தது. அதற்குப் பின்னால் 1988-இல் ஆயுத விற்பனைப் பேச்சு இருந்தது வெளியே வந்தது. பிரிட்டனில் ஒரு மக்கள் அமைப்பு தன் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டது. அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று 1994-இல் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டு, கிழக்குக்கரை ரயில் திட்டம். 2016-இல் சீன நிறுவனத்தோடு ஒப்பந்தம், பெரும்பகுதி சீன எக்சிம் வங்கிக் கடன். 2018-இல் ஆட்சி மாறியதும் புதிய அரசாங்கம் வேலையை நிறுத்திவைத்துக் கணக்கைக் கேட்டது. அப்போது சொல்லப்பட்ட செலவு 65.5 பில்லியன் ரிங்கிட். 2019 ஏப்ரலில் பாதையை மாற்றி, பேரம் பேசி, மீண்டும் கையெழுத்திட்டபோது 44 பில்லியன். அதே நண்பர், அதே ரயில். கேட்டதும் 21.5 பில்லியன் குறைந்தது!

மோட்டார் சைக்கிள் டோல் போனதும், ரயில் விலை குறைந்ததும், ஜெனிவாவில் இந்தியாவின் ஓட்டு மாறியதும் ஒரே பாடம்தான். கொடுப்பவனின் மனம் மாறுவதற்காகக் காத்திருந்து எதுவும் நடக்கவில்லை. ஓட்டு உள்ளவன், வழக்குப் போடத் தெரிந்தவன் கேட்டான், நிபந்தனை மாறியது. 1952-இன் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் 2006-இன் சம்பூர்க்காரனுக்கும் கேட்கும் வழியே அடைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அவர்கள் தலையில் எல்லாம் விடிந்தது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய நாடுகளின் விவகாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்க வேண்டாம். எந்தத் திட்டம் வந்தாலும், சீனா, இந்தியா, ஜப்பான் என்று யார் பணமாக இருந்தாலும், மூன்று கேள்வி கேட்கப் பழகுவோம். ஒப்பந்தம் எங்கே? அந்த நிலத்தில் இருப்பவர்களைக் கேட்டீர்களா? நட்டம் வந்தால் யார் கட்டுவது?

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. பினாங்கு மாநிலத்தில் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. மாநில அரசு இலாகாக்களிடம் நிலம், திட்டம் பற்றிய தகவலை மனுப் போட்டுக் கேட்கலாம். இந்தியாவில் 2005-இலும் இலங்கையில் 2016-இலும் இப்படிப்பட்ட சட்டம் வந்தது. ஒரே திட்டத்துக்கு இரு நாட்டிலும் மனுப் போட முடியும் என்பதை அங்குள்ள நம் உறவுகளுக்குச் சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாது என்பவர்கள் பக்கத்தில் உள்ள சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். அங்கே தமிழ் தெரிந்தவர்களும் உண்டு.

கம்போங் புவா பாலாவை நாம் மறக்கவில்லை. 2009-இல் அந்த ஊர் இடிக்கப்பட்டது. வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது நிலம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. அங்கே சீனாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. காகிதத்தை நாம் கடைசியாகப் பார்த்தோம் என்பதுதான் நடந்தது.

ஐயா, உங்கள் மகன் போகும் பாலத்தில் அவர் தாராளமாகப் போகட்டும். மலையகத்தில் கட்டிய வீட்டில் அந்தக் குடும்பம் நன்றாக வாழட்டும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி சொல்வோம். ஆனால் நண்பர் வந்தாலும் உறவுக்காரர் வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வோம்.